தச்சர் கையும் எட்டு மில்லிமீட்டரும்

கேள்வி: டார்ட்ஸில் 10 முறை உலக சாம்பியன் என்று இங்கிலாந்தின் டிரினா கல்லிவரைப் போன இதழில் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தீர்கள். நின்ற இடத்திலிருந்து அம்பு எறிய உடல் பலமே தேவையில்லை. அப்புறம் பெண்களுக்கு எதற்குத் தனிப் போட்டி? ஆண்களோடு மோதினால் சாயம் வெளுத்துவிடும் என்றுதானே?

பதில்: பலம் தேவையில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் ஆண்கள் முன்னால் நிற்பதற்குக் காரணம் தோளில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடாமல் நேரே தீர்ப்புக்குத் தாவிவிட்டீர்களே!

பலகைக்கு ஆண், பெண் தெரியாது. யாராக இருந்தாலும் 2.37 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், நடுப்புள்ளி 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். எடுத்த புள்ளிகளை 501-இலிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பு டபுள் வளையத்திலோ (புள்ளி இரட்டிப்பாகும் வெளி ஓர வளையம்) நடுப்புள்ளியிலோ குத்தினால்தான் கணக்கு தீரும். அந்த வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்று அம்பில் அதிகபட்சமான 180 புள்ளியை அநாயாசமாக அடிக்கிறவர்களுக்குக்கூட இங்கேதான் வியர்க்கும்.

கல்லிவர் தச்சுவேலை முறையாகக் கற்றவர். மில்லிமீட்டர் அவருக்குப் புதிதல்ல. (இது என் ஆசைக்குச் சொல்வது; உளி பிடித்தவரெல்லாம் டார்ட்ஸில் ஜெயித்துவிடுவதில்லை.) 2001-இல் இங்கிலாந்தின் லேக்சைடு அரங்கில் பெண்களுக்கான உலகப் போட்டி முதன்முதலாக நடந்தபோது பட்டத்தை எடுத்தவர், 2007 வரை கீழே வைக்கவில்லை. தொடர்ந்து ஏழு! 2008 இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவின் அனஸ்டாசியா டோப்ரோமிஸ்லோவாவிடமும், 2009-இல் நெதர்லாந்தின் பிரான்சிஸ் ஹூன்செலாரிடமும் தோற்றார். சரி, கதை முடிந்தது என்று பார்த்தால் 2010, 2011 இரண்டும் அவருக்கே. பத்தாவது பட்டம் 2016-இல், 46 வயதில். டெட்டா ஹெட்மனோடு மல்லுக்கட்டி 3-2.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே 2001, அதே லேக்சைடு. ஆண்கள் இறுதி ஆட்டத்தில் ஜான் வால்டன் ஆறு செட் எடுத்த பிறகுதான் கோப்பை கைக்கு வந்தது. பெண்களுக்கு அப்போது இரண்டு செட் எடுத்தாலே போதும் என்று விதி. ‘சுலபமாகப் போச்சே’ என்பீர்கள். சுலபமா? நீண்ட ஆட்டத்தில் சறுக்கினால் எழுந்து நிற்க அவகாசம் உண்டு. குட்டி ஆட்டத்தில் நாலு டபுள் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏழு வருஷம் அந்தக் கத்திமேல் நடந்திருக்கிறார். இன்னொரு பக்கமும் உண்டு: ஐந்தாவது செட்டில் கை நடுங்காமல் ஆடப் பழக வேண்டுமென்றால், முதலில் ஐந்தாவது செட் என்று ஒன்றைக் கொடுக்க வேண்டாமா? பெண்களுக்குக் கிடைத்தது குட்டி ஆட்டம், குட்டிப் பரிசு. அதைக் கொடுத்துவிட்டு ‘ஆண்கள் அளவுக்கு வரவில்லையே’ என்றால் எப்படி?

சாயம் வெளுத்ததா என்பதையும் பார்த்துவிடலாம். 2019 டிசம்பர், லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ். முடிதிருத்தும் தொழில் செய்துவந்த ஃபாலன் ஷெராக், டெட் எவெட்ஸ் என்ற ஆண் ஆட்டக்காரரை 3-2 என்று சாய்த்தார். பி.டி.சி. என்ற தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பின் உலகப் போட்டியில் ஒரு பெண் ஜெயித்த முதல் ஆட்டம் அது. கடைசி அம்பு டபுள் 18-இல். நாலு நாள் கழித்துத் தரவரிசையில் 11-வது இடத்திலிருந்த மென்சூர் சுல்யோவிச் வந்தார். அவரையும் 3-1 என்று முடித்தார், அதுவும் நடுப்புள்ளியில் குத்தி. அடுத்த சுற்றில் கிறிஸ் டோபியிடம் தோற்றார்தான், மறைக்கவில்லை. 2020 ஜனவரியில் லிசா ஆஷ்டன், ஆண்களோடு சரிக்குச் சரி தகுதிப் போட்டியில் ஆடி, பி.டி.சி. சுற்றில் விளையாடும் அட்டையை வாங்கினார். தகுதிப் போட்டி வழியாக அவருக்கு முன் எந்தப் பெண்ணும் அதை வாங்கியதில்லை.

ஹூன்செலாரைப் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போனது. 2002, 2004, 2005, 2006, 2007 என்று ஐந்து இறுதி ஆட்டங்களில் கல்லிவரிடம் தோற்றவர் அவர். 2009-இல் ஆறாவது தடவையாக அதே எதிராளிக்கு முன்னால் போய் நின்று, 2-1 என்று ஜெயித்தார். அதற்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டிருக்கும் என்று நீங்கள்தான் அடுத்த கடிதத்தில் எழுத வேண்டும்.