பணம் கேட்கும் முன் மைதானத்துக்கு அழையுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துவிட்டு டல்லாஸில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள பழைய மாணவர் கிளைக்கு நான்தான் செயலாளர். எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு நன்கொடை திரட்டித் தரும்படி விளையாட்டுத் துறை கேட்டிருக்கிறது. எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும் பதில் இல்லை. "கோச்சுக்கு அவ்வளவு சம்பளம் கொடுக்கிறார்கள், நாம் ஏன் தரணும்?" என்கிறார்கள் நம் தமிழ் நண்பர்கள். என்ன செய்யலாம்? – பெயர் வேண்டாம், டல்லாஸ்.

பதில்: உங்கள் நண்பர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் வாங்கி வாருங்கள்.

2025 ஜூலையிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின் விளைவு அது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். செய்தி படிக்கிற எவருக்கும் 'என் நூறு டாலர் எங்கே போகும்?' என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். விளையாட்டுத் துறையிடம் போய், இந்த வசூல் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஆட்டக்காரர்களின் பாடத்துக்கு ட்யூட்டரா, காயம்பட்டவர்களின் சிகிச்சைக்கா, பயணச் செலவுக்கா? "பொது நிதிக்கு" என்று மட்டும் பதில் வந்தால், தனிக் கணக்கு ஒன்று திறந்து தரச் சொல்லுங்கள். அது கையில் வரும்வரை யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் பெயரை நம்பித்தான் அவர்கள் கொடுக்கப் போகிறார்கள்.

எதற்கு என்று தெளிவாகத் தெரிந்தால் ஜனங்கள் கொடுப்பார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் நடந்ததைப் பாருங்கள். செலவு கட்டுப்படியாகாது என்று 2014 டிசம்பரில் அங்கே ஃபுட்பால் அணியையே கலைத்தார்கள். பல்கலைக்கழகத் தலைவரை ஆட்டக்காரர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்ட வீடியோ எங்கும் பரவியது. பெரிய பாரம்பரியம் உள்ள அணியல்ல அது. அதே மாநிலத்தின் டஸ்கலூசா வளாக அணிக்கு இருக்கும் புகழில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் பழைய மாணவர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள், ஊர் வியாபாரிகள், மாநகராட்சி என்று எல்லாரும் சேர்ந்து நின்றார்கள். பணம் தருவதாக உறுதிகள் வந்து குவிந்தன. 2015 ஜூனில் பல்கலைக்கழகம் முடிவை மாற்றிக்கொண்டது. 2017-இல் மறுபடி களமிறங்கிய அணி 8 ஆட்டங்களில் ஜெயித்து, சீசன் முடிவில் பஹாமாஸில் நடந்த பௌல் ஆட்டம் (நன்றாக ஆடிய அணிகளை அழைத்து நடத்தும் சிறப்பு ஆட்டம்) வரை போனது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. இத்தனை பணம், இன்ன காரியம், இல்லாவிட்டால் இது நின்றுவிடும் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உங்கள் அணிக்கு அப்படி ஆபத்து இல்லையென்றால் பயமுறுத்த வேண்டாம். ஆனால் இந்தப் பணம் வராவிட்டால் எது நடக்காது என்பதை ஒரே வரியில் சொல்ல உங்களால் முடிய வேண்டும்.

தொகையைச் சின்னதாக வையுங்கள். தென் கரோலினாவின் கிளெம்சனில் 1934-இல், பெருமந்தக் காலத்திலேயே, ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து டாலர் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். IPTAY (I Pay Ten A Year) என்ற அதன் பெயரே அந்தப் பத்து டாலரைத்தான் சொல்கிறது. இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுகளைத் தாங்குவது அதுதான். ஒருவர் ஐயாயிரம் கொடுத்தால் சந்தோஷம்தான். ஆனாலும் உங்கள் கிளையில் ஐம்பது பேர் மாதம் பத்து டாலர் கொடுப்பது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம், நம் தமிழ் நண்பர்கள். படித்த காலத்தில் சனிக்கிழமைகளில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? லேபில், அல்லது அசைன்மென்டோடு அறையில். ஸ்டேடியம் பக்கம் அவர்களை யாரும் அழைத்துப் போகவில்லை. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்ற அடிப்படையைக்கூட யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தே இராத ஆட்டத்துக்கு யார் பணம் தருவார்கள்? அதனால் இந்த சீசனில் அவர்களிடம் காசைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்து, டிவியில் ஆட்டத்தைப் போட்டு, விதிகளைச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால், பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் ஹோம்கமிங் ஆட்டத்துக்குச் சேர்ந்து போங்கள். மார்ச்சிங் பேண்டைப் பார்த்த பிள்ளைகள் அடுத்த வருடம் தாங்களே அப்பா அம்மாவைக் கிளப்புவார்கள்.

கேட்கும் நாள் வந்தால் மின்னஞ்சலை விட்டுவிட்டு ஃபோனில் கூப்பிடுங்கள். கூடப் படித்தவர், ஒரே அறையில் இருந்தவர் கேட்டால் மறுப்பது கஷ்டம். அந்த அணியில் ஆடிய பழைய மாணவர்கள் டல்லாஸில் இருந்தால் அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். "ஃபுட்பாலுக்கு வேண்டாம், ஏழை மாணவர் ஸ்காலர்ஷிப்புக்குத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வாதாடாமல் அந்தக் கணக்கின் விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். அவரும் உங்கள் கல்லூரிக்குத்தான் கொடுக்கிறார்.

வரி விஷயத்தையும் மறைக்காதீர்கள். நல்ல சீட் வாங்கும் உரிமைக்காகக் கொடுக்கும் நன்கொடைக்கு 2018-லிருந்து வரிக்கழிவு கிடையாது. முன்பு 80 சதவீதம் வரை கழிக்க முடிந்தது. சீட் எதுவும் வாங்காமல் கொடுப்பதற்கு இந்தத் தடை இல்லை. ஊழியர் கொடுக்கும் தொகைக்குச் சமமாகத் தானும் கொடுக்கிற கம்பெனிகள் பல உண்டு. ஆனால் விளையாட்டுக்கு என்றால் சில கம்பெனிகள் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் நண்பர்கள் பணம் கட்டும் முன்பே எச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.