வேளாவின் ரம்பம்

அன்புள்ள ஐயா,

வேளா மீன் அழிந்துவருவதாகப் படித்தேன். பண்ணையில் முட்டை பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டால் போதாதா? மீனவர்களின் பேராசைதானே இதற்குக் காரணம்?

அன்புள்ள நண்பருக்கு,

பண்ணையை விடுங்கள். வேளா முட்டையிடாது, குட்டி போடும். பிறக்கும்போதே குட்டிக்கு முகத்தின் முன்னே நீண்ட, இரு பக்கமும் பல் வைத்த ரம்பம் உண்டு. தாயின் வயிறு கிழியாமலிருக்க அதன்மேல் மெல்லிய உறை மூடியிருக்கும். சில நாட்களில் அது கழன்றுவிடும். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சிறுவயதில் பெரியப்பா வீட்டுச் சுவரில் ஒரு ரம்பம் தொங்கியது. வார்னிஷ் பூசியது. விரல் வைத்துப் பற்களை எண்ணுவேன். ஒரு பக்கம் பத்தொன்பது, மறுபக்கம் பதினெட்டு. அது மீனின் மூக்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. இரையின் உடலிலிருந்து வரும் மெல்லிய மின் அதிர்வைக் கலங்கிய தண்ணீரிலும் உணர்கிற உறுப்பு அது. அதை அறுத்துவிட்டு மீனைக் கடலில் விடுவது உயிர்ப்பிச்சை ஆகாது.

சரி, பேராசைக்கு வருகிறேன். கரையில் உட்கார்ந்துகொண்டு இந்த வார்த்தையை எப்படி எழுத முடிந்தது உங்களால்? வேறு மீனுக்குப் போட்ட வலையில்தான் வேளா பெரும்பாலும் சிக்குகிறது. ஒரு பல் கண்ணியில் மாட்டினால் உதறும். உதற உதற மற்ற பற்களும் மாட்டும். நாலைந்து மீட்டர் மீன் ரம்பத்தை வீசுகிறபோது கிட்டே போனால் கை போய்விடும். ராத்திரி, அலை, கையில் கத்தி. ஒன்று வலையை அறுக்க வேண்டும், இல்லை ரம்பத்தை. வலையோ கடனில் வாங்கியது. நீங்களாக இருந்தால் எதை அறுப்பீர்கள்?

2007இல் வேளாவின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 2013இல் மிச்சமிருந்த விதிவிலக்கும் போனது. நல்லதுதான். ஆனால் வலைக்குள் சிக்கிய மீனுக்கு அந்தக் காகிதம் என்ன செய்யும்? அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1995இல் செவுள் வலைகளை, அதாவது மீனின் செவுள் மாட்டிச் சிக்கும்படி விரிக்கிற வலைகளை, தடை செய்தார்கள். அங்கே கொஞ்சம் வேளாக்கள் பிழைத்துக் கிடப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். உலகில் இருப்பதே ஐந்து இனங்கள், ஐந்தும் இன்று அழிவின் விளிம்பில். மீனை விடு என்று சொல்கிறவர்கள் அறுந்த வலைக்கும் பணம் கொடுக்கட்டும். வலைக்குப் பணம், அப்புறம் சட்டம். திரும்பத் திரும்ப இதையே சொல்வேன்.

பெரியப்பா வீட்டு ரம்பத்தில், பதினெட்டு பற்கள் இருந்த பக்கத்தில் ஒரு குழி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்துப் பல்லின் அடியில், வார்னிஷுக்குள்ளே, ஒரு பச்சை நைலான் இழை ஒட்டியிருந்தது.