22 நிமிட நெடுஞ்சாலை

கேள்வி: ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு வெளியிட்ட ‘ஆட்டோபான்’ இசைத்தொகுப்பை எல்லோரும் புகழ்கிறார்கள். நெடுஞ்சாலையில் போகிறோம், போகிறோம் என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்களே, அதில் அப்படி என்ன சிறப்பு? – ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: அந்தத் தலைப்புப் பாடலில் வேறு வரிகளும் உண்டு. எதிரே விரியும் பள்ளத்தாக்கு, மின்னும் வெயில், சாம்பல் நிற நாடாவாக நீளும் சாலை, வெள்ளைக் கோடுகள், பச்சை ஓரம் என்று காரில் இருப்பவர் கண்ணில் படுவதை மட்டும் அவை சொல்கின்றன. எந்த ஊருக்கு, எதற்காகப் போகிறார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. பிறகு காரின் வானொலியைப் போடுகிறார்கள், அதிலும் இதே பாட்டுத்தான் ஒலிக்கிறது! சென்று சேர்வதை அல்ல, சென்றுகொண்டே இருப்பதை இசையாக்கியதுதான் குழுவை நடத்திய ரால்ஃப் ஹ்யூட்டர், ஃப்ளோரியான் ஷ்னைடர் இருவரின் சாதனை என்பது என் எண்ணம். நெடும்பயணத்தில் ஒரே காட்சி மீண்டும் மீண்டும் வருவதால், அந்த அனுபவத்துக்கு உண்மையாக இருக்க விரும்பும் இசையும் மீண்டும் மீண்டும் வரத்தான் வேண்டும்.

ஆனால் அது மாறாமல் வருவதில்லை. 1974இல் வெளியான இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதையும், 22 நிமிடங்களுக்கும் மேலாக, இந்த ஒரு பாடலே நிறைக்கிறது. கார்க் கதவு சாத்தப்படுகிறது, இன்ஜின் கிளம்புகிறது, ஹாரன் ஒலிக்கிறது. அதன்பின் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் சீரான துடிப்பு சாலையைப் பிடித்துக்கொள்கிறது. நடுப்பகுதியில், கடந்து செல்லும் வாகனங்களின் இரைச்சலையும் சின்தசைசரே எழுப்புகிறது. நெருங்கும்போது உயர்ந்து, விலகும்போது தாழும் அந்தச் சுருதியை ஹெட்போனில் கேட்டால் வண்டி நம்மை உரசிக்கொண்டு போவது போலவே இருக்கும். முழுக்க இயந்திர இசை என்று இதைச் சொல்வதும் சரியன்று. கிதாரும் ஷ்னைடரின் புல்லாங்குழலும் இதில் கலந்திருக்கின்றன, ஒலிப்பதிவில் ஒலிப்பொறியாளர் கான்னி பிளாங்க்கின் பங்கும் பெரிது.

இரண்டாம் பக்கத்தில் வால்நட்சத்திரம், நள்ளிரவு, காலை நடை ஆகியவற்றைப் பற்றிய சிறிய இசைத்துண்டுகள் உள்ளன. அவை அழகானவை என்றாலும் முதல் பக்கத்தின் வீச்சு அவற்றுக்கு இல்லை.

வானொலிக்காகச் சில நிமிடங்களாகக் குறுக்கப்பட்ட வடிவம் 1975இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 25ஆம் இடம் வரை சென்றது. குழுவை உலகம் அறிந்தது அதனால்தான் என்றாலும், தூரம் என்ற உணர்வே அதில் போய்விடுகிறது. நீங்கள் கேட்டது அந்த வடிவமாக இருந்தால், முழுப் பாடலையும் இடையில் நிறுத்தாமல் ஒருமுறை கேளுங்கள்.