கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி: அண்ணை, என்ர மகனுக்கு 16 வயசு. ரியூசன் போக மிச்ச நேரமெல்லாம் 'கொட் ஒஃப் வோர்' கேம்தான். இப்ப அதில வாற கிராட்டோஸ் மாதிரி உடம்பு வேணுமாம், ஜிம்முக்குப் போறான், புட்டைத் தொடுறானில்லை, முட்டை வெள்ளை மட்டும்தான். என்ன கேட்டாலும் 'ம்' எண்டு ஒரு பதில். இந்தக் கேம் ஹீரோமாரை ஏன் இப்பிடி முரடாவே செய்யிறாங்கள்?
- ஒரு தகப்பன், கொக்குவில்

பதில்: எல்லாரும் அப்பிடியில்லை. 1981 இல வந்த மாரியோவைப் பாருங்கோ, கட்டைக் குண்டு மனுசன், மீசை வச்சது கூட வீரத்துக்கில்லை, அந்தக் காலத்துத் திரையில வாய் கீற இடம் காணாததால. (எங்கட ஆக்கள் மீசைக்குச் சொல்லுற கதையள் வேற!) பேந்து 90களில டியூக் நியூகெம் போல ஆக்கள் வந்தினம், கையில துவக்கு, வாயில பகிடி, அழுகை எண்ட கதைக்கே இடமில்லை. 2004 இல வந்த 'சான் அன்ட்ரியாஸ்' எண்ட கேமில ஹீரோ சீஜேயை நீங்களே ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போய் உடம்பு ஏத்தலாம், ஆனா சாப்பாடு குடுக்காமல் விட்டா ஏத்தின தசையும் கரைஞ்சிடும். மகனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ, புட்டுக்கு ஒரு வழி பிறக்கும்.

கிராட்டோஸ் விசயம் வேற. 2005 இல வந்தவன் வெறும் வெட்டுக்கொத்துத்தான், ஆனா அந்த வெள்ளைத் தோல் இருக்கே, அது ஏமாந்துபோய் தன்ர கையாலயே வெட்டிப்போட்ட மனுசி, மகளின்ர சாம்பல். 2018 இல அதே ஆள் தாடியோட வாறான், ரெண்டாம் மனுசியும் செத்து, அவவின்ர சாம்பலை மலை உச்சியில தூவ மகனோட வெளிக்கிடுறான். பேர் சொல்லிக் கூப்பிடுறது அருமை, எப்பவும் 'பெடியா' தான். தொடக்கத்தில ஒரு மான் வேட்டை வரும், பெடியன் கலங்கிப்போய் இருக்க தகப்பன் முதுகில தட்டக் கையைக் கொண்டு போவான், பிறகு தொடாமலே எடுத்திடுவான்.

எனக்கு அதைப் பாக்க என்ர ஐயாதான் ஞாபகம் வந்தார், மழைக்குள்ளயும் சைக்கிளில ஏத்திக்கொண்டு வந்து ரியூசன் வாசல்ல இறக்கிவிடுவார், பிறகு 'ம், போ', அவ்வளவுதான். உங்கட பெடியன்ர அந்த 'ம்' கிராட்டோஸிட்ட இருந்துதான் வந்தது எண்டு நான் நம்பேல்லை, கோவியாதேங்கோ, வீட்டில அம்மாவிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ ஆர் முதல் 'ம்' போட்டதெண்டு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில இருந்து அந்த மான் வேட்டையை விளையாடிக் காட்டச் சொல்லுங்கோ. முட்டைக் கணக்கை அதுக்குப் பிறகு கதைக்கலாம்.