பச்சை எழுத்தில் அச்சடித்தால் மக்கும் பையா?

கேள்வி: எங்கள் தெரு காய்கறிக் கடையில் 'இது பிளாஸ்டிக் அல்ல, மக்கும் பை' என்று பச்சை எழுத்தில் அச்சடித்த கவரில் போட்டுத் தருகிறார்கள். ஒன்றை மாடித் தோட்டத் தொட்டியில் புதைத்து வைத்தேன். பல மாதம் கழித்துத் தோண்டினால் ஓரம் மட்டும் கிழிந்து, மீதி அப்படியே கிடக்கிறது. ஏமாற்று வேலையா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் தொட்டி சோதனையை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

மக்கும் பிளாஸ்டிக்குக்கு இந்தியாவில் ஐஎஸ் 17088 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஆய்வகத்தில் பையை உரக் கலவையோடு சேர்த்து 58 டிகிரி வெப்பத்திலேயே வைத்திருந்து, அதிலுள்ள கார்பனில் எவ்வளவு கரியமில வாயுவாக வெளியே வருகிறது என்று அளப்பார்கள். 180 நாளுக்குள் 90 சதவீதம் வந்தாக வேண்டும். அதோடு விடமாட்டார்கள். 12 வாரம் உரமாக்கிய பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் பார்ப்பார்கள், மேலே தங்கும் துண்டு பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம் அந்த உரத்தில் விதை போட்டு முளைக்க வைத்து, பை கலக்காத உரத்தில் முளைப்பதோடு ஒப்பிடுவார்கள், கன உலோகம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்து ஒரு கடைப் பைக்கு இவ்வளவு கடுமையான பரீட்சை வேறு எதிலும் இல்லை.

ஆனால் அந்த 58 டிகிரியைக் கவனியுங்கள். மலைபோலக் குவித்துப் புரட்டிப் போடும் பெரிய உரக் கிடங்கில் அந்தச் சூடு கிடைக்கும், மாடித் தொட்டியில் நாள் கணக்கில் கிடைக்காது. அதனால் முறையாகத் தேறிய பைகூட உங்கள் வீட்டில் மாதக்கணக்கில் கிடக்கத்தான் செய்யும். 'மண்ணில் போட்டால் கரைந்துவிடும்' என்று கடைக்காரர் சொன்னால், பை அசலாகவே இருந்தாலும் அந்தப் பேச்சு தப்பு.

சரி, அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? பையில் தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும், இது சட்டப்படி கட்டாயம். சான்றிதழ் தருவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சான்று பெற்றவர்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். எண் இல்லாமல் இலைப் படமும் பச்சை எழுத்தும் மட்டும் இருந்தால் அதைச் சாதாரண பாலித்தீன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொளுத்திக் காட்டுவது, வெந்நீரில் போட்டுக் காட்டுவது எல்லாம் கடையில் வியாபாரத்துக்குச் செய்வது. பாலித்தீன் எரிந்தால் மெழுகுவர்த்தி வாசனையோடு சொட்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வாசனையை வைத்து ஒரு பை மக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை, சான்று பெற்ற மக்கும் பைக்கு மட்டும் விலக்கு. அந்த ஒரு விலக்கு வழியாகத்தான் போலிப் பை அத்தனையும் உள்ளே நுழைகிறது. நேர்மையாகச் சோதனைக்குக் காசு செலவழித்துத் தயாரிப்பவர், இரண்டு வரி அச்சடித்து ஒப்பேற்றுகிறவரோடு விலையில் எப்படிப் போட்டி போடுவார்?

கேள்வி: ஜவுளிக் கடையில் கொடுக்கும் மெல்லிய துணிப்பை பரவாயில்லைதானே?

பதில்: அது துணியே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், குத்தூசியால் குத்தியதுபோல வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். நெய்த நூலின் குறுக்கும் நெடுக்கும் இருக்காது. பாலிபுரொப்பிலீன் இழைகளைப் பரப்பி, அந்தப் புள்ளிகளில் சூடு வைத்து அழுத்தி ஒட்டியது அது. முழு பிளாஸ்டிக். பரணில் இரண்டு வருடம் போட்டுவிட்டு எடுத்தால் கையில் பொடிப் பொடியாக உதிரும், அத்தனையும் நுண்பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் இதுவும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பருத்தி மஞ்சப்பை கேளுங்கள்.

கேள்வி: பார்சல் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறது. திரும்பப் பயன்படுத்தலாம் என்று அர்த்தமா? பழைய பேப்பர்க்காரர் தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார், சிப்ஸ் பாக்கெட்டை எடுக்க மாட்டேன் என்கிறார், அது ஏன்?

பதில்: அந்த எண் எந்தச் சரக்கில் செய்தது என்று மட்டும் சொல்லும். 1 என்றால் பெட், அதாவது தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக், 2 கெட்டி பாலித்தீன், 5 பாலிபுரொப்பிலீன். குப்பையைத் தரம் பிரிப்பவர்களுக்காக 1988-ல் அமெரிக்காவில் தொடங்கிய குறியீடு அது, பாதுகாப்பு முத்திரை கிடையாது. உணவுக்கு ஏற்றதா என்பதற்குத் தனிச் சோதனை: டப்பாவில் காய்ச்சி வடித்த நீர், 3 சதவீத அசிட்டிக் அமிலம், எண்ணெய்ப் பதார்த்தத்துக்குப் பதிலாக ஹெப்டேன் என்ற கரைப்பான் என்று ஊற்றி வைத்து, பிளாஸ்டிக்கிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். ஊற்றிய திரவத்தில் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஐஎஸ் 9845 என்பது இந்தச் சோதனை முறைதான். தேறிய டப்பாவானாலும், கீறல் விழுந்து மஞ்சள் கறை ஏறியதில் சூடான சாம்பாரை ஊற்றாதீர்கள்.

பழைய பேப்பர்க்காரர் மேல் வருத்தப்பட வேண்டாம், அவர் கணக்கு சரி. பாட்டிலை அரைத்துத் தண்ணீரில் போட்டால் பெட் மூழ்கும், மூடி மிதக்கும், தானாகவே பிரிந்துவிடும், அப்புறம் உருக்கிப் பாலியஸ்டர் இழையாக்கலாம். சிப்ஸ் பாக்கெட்டில் அச்சுப் படலம், அலுமினியப் பூச்சு, ஒட்டும் படலம் என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. பிரிக்கும் செலவு சரக்கின் விலையைவிட அதிகம், அதனால் பெரும்பாலும் சிமெண்ட் ஆலை உலைக்குப் போகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் இப்படிப்பட்ட கழிவைச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசி, தார்ச் சாலை போடும் வழியைக் காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நல்ல வழிதான், ஆனால் அந்தப் பாக்கெட் திரும்பப் பாக்கெட்டாக வரப்போவதில்லை. 'மறுசுழற்சி செய்யத்தக்கது' என்று எழுதியிருக்கும் உறையை எடுக்க உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எழுத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று, மக்கும் பையைப் பாலித்தீன் கவரோடு சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து உருகினால் அந்தச் சரக்கே கெட்டுவிடும்.

கேள்வி: பில் போடும்போதுதான் பைக்கு 10 ரூபாய் என்கிறார்கள். பையில் கடையின் விளம்பரம் வேறு.

பதில்: முன்கூட்டியே சொல்லாமல் பில் போடும் இடத்தில் பைக்குக் காசு சேர்ப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே சண்டிகர் நுகர்வோர் மன்றத்தில் வெறும் 3 ரூபாய்க் காகிதப் பைக்காக வழக்குப் போட்டு ஒருவர் ஜெயித்திருக்கிறார். தங்கள் பெயர் போட்ட பையைக் காசுக்கு விற்று வாடிக்கையாளரையே விளம்பரம் செய்ய வைப்பது தவறு என்றது அந்த மன்றம். முதலில் கடை மேலாளரிடம் கேளுங்கள், மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பைக்கான தொகை தனி வரியாக அதில் இருந்தால் அதுவே ஆதாரம்.