சோற்றை விட்டும் எடை ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திப் பேலியோவுக்கு (மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை) மாறினேன். முதல் வாரமே மூன்று கிலோ குறைந்தது. அதன்பிறகு மூன்று வாரமாக அசைவே இல்லை. தலைவலி, ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு வேறு. காலையில் 100 பாதாம், வெண்ணெய் டீ, மதியம் இரண்டு முட்டை, காய்கறி, இரவு பனீர். எங்கே தப்பு?
– வாசகி, ஈரோடு

பதில்: முதல் வாரம் போனதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைகோஜனாக 400–500 கிராம் வரை இருப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் இருப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. ஒரு கல்யாண விருந்தில் ஒன்றரை கிலோ திரும்ப ஏறுவதும் இதனால்தான். பயப்பட வேண்டாம்.

தலைவலிக்கும் பிடிப்புக்கும் பெரும்பாலும் உப்புக் குறைவே காரணம். மாவுச்சத்து குறைந்து இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியே தள்ளும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்றால், முதல் இரண்டு வாரம் தினமும் அரை டீஸ்பூன் உப்பைச் சூப்பிலோ மோரிலோ கூடுதலாகச் சேர்க்கலாம்.

இனி பாதாமுக்கு வருவோம். 100 பாதாம் சுமார் 120 கிராம், அதாவது 700 கலோரி. டீயில் 20 கிராம் வெண்ணெய் போட்டால் இன்னொரு 145. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே 850 கலோரியை நெருங்கிவிட்டீர்கள். மாவுச்சத்தைக் குறைத்தால் பலருக்குப் பசி அடங்கும். அதனால் தாமாகவே குறைவாகச் சாப்பிட்டு இளைக்கிறார்கள். கலோரிக் கணக்கு ஒன்றும் ரத்தாகிவிடுவதில்லை. வெண்ணெய் டீ தேவையே இல்லாத சடங்கு, விட்டுவிடுங்கள். பாதாம் 20 போதும்.

காலையில் மூன்று முட்டையும் ஒரு கிண்ணம் கீரையும் (புரதம் 20 கிராமுக்குக் குறையாது). மதியம் 100 கிராம் வெந்த கோழிக்கறி அல்லது மீன். இரவு 100 கிராம் பனீர், அதில் 18 கிராம் புரதம். கத்தரி, வெண்டை, சுரை, புடலை, முட்டைக்கோஸ் என்று நாளுக்கு 400 கிராம் காய் சேராவிட்டால் மலச்சிக்கல் நிச்சயம். உருளையும் மரவள்ளியும் கூடாது. பால் டீயையும் கணக்கில் எழுதுங்கள்: 100 மில்லி பாலில் 5 கிராம் மாவுச்சத்து, சர்க்கரை போடாமலேயே.

கேள்வி: கணவருக்குச் சர்க்கரை நோய். கிளிமெபிரைடும் டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். அவரும் இந்த உணவுக்கு மாறலாமா?
– வாசகி, சேலம்

பதில்: மருத்துவரைப் பார்க்காமல் ஒரு நாள்கூடத் தொடங்கக் கூடாது. கிளிமெபிரைடு, அவர் உணவு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாவுச்சத்து வராதபோது சர்க்கரை 70க்குக் கீழே போய், கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். டாபாகிளிஃப்ளோசினில் ஆபத்து வேறு வகை: கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறலாம், அப்போதும் குளுக்கோமீட்டர் சாதாரண அளவையே காட்டக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை உணவை மாற்றும் முன்பே மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும். உணவைத் தொடங்கும்முன் ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் கொலஸ்ட்ராலைப் பாருங்கள், சிலருக்கு எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) நன்றாகவே ஏறும்.

கேள்வி: அரிசிக்குப் பதில் வரகு, தினை சாப்பிடலாமா?
– வாசகர், தேனி

பதில்: நார்ச்சத்துக்காகச் சாப்பிடலாம். மாவுச்சத்து குறையும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 100 கிராம் அரிசியில் 78 கிராம் என்றால், சிறுதானியங்களில் 60–70.

கேள்வி: சோறு இல்லாமல் என்னால் முடியாது. எனக்கு வழியே இல்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இளைத்தார்கள். பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்பதே முடிவு. 100 கிராம் வெந்த சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. இரண்டு வேளை அதைச் சாப்பிட்டாலும், மற்றவற்றைக் கவனித்தால், மாவுச்சத்து குறைந்த உணவுக்கு வரம்பாகச் சொல்லப்படும் நாளுக்கு 130 கிராமுக்குள் நிற்கலாம். ஆனால் முதல் பத்து நாளாவது தராசில் நிறுத்துப் போடுங்கள். கண்ணளவில் போடும் 100 கிராம் பெரும்பாலும் 200ஆகத்தான் இருக்கும்.