ஓரம் சிவந்திருந்தா கறி வேகலைன்னு அர்த்தமா?

கேள்வி: தம்பி, என் பையன் அமெரிக்காவுல ஆஸ்டின்ல வேலை பாக்கான். போன வருஷம் நாங்க போயிருந்தப்ப லாக்ஹார்ட்னு பக்கத்து ஊருக்கு பார்பிக்யூ சாப்பிட கூட்டிட்டுப் போனான். எங்க வீட்ல பீஃப் வழக்கமா செய்றதுதான். ஆனா அங்க வந்த கறி வெளிய கரிக்கட்டை மாதிரி கருப்பு, அதுக்கு அடுத்து ஓரத்துல ரோஸ் கலர்ல சிவந்து கிடக்கு, வேகலைன்னு நினைச்சு ரொட்டியும் வெங்காயமும் மட்டும் தின்னுட்டு வந்துட்டேன். பையன் முகம் வாடிப்போச்சு. வர்ற மே மாசம் மறுபடி போறோம். அந்தக் கறியை நம்பி சாப்பிடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: தைரியமா சாப்பிடுங்கம்மா. உங்க கேள்வியிலயே பதில் இருக்கு பாருங்க, ஓரத்துல சிவப்புன்னு எழுதியிருக்கீங்க. வேகாத கறின்னா நடுவுலதானே சிவப்பா இருக்கும், ஓரம் முதல்ல வெந்துடுமே? இங்க தலைகீழா இருக்குன்னா அது புகை பண்ற வேலை. விறகு எரியும்போது வர்ற நைட்ரிக் ஆக்சைடு கறியோட மேல்பக்கம் கொஞ்ச தூரம் இறங்கி, கறிக்கு சிவப்பு கொடுக்கிற மயோகுளோபினைப் பிடிச்சுக்கும், அதுக்கப்புறம் எவ்வளவு வெந்தாலும் அந்த நிறம் போகாது. அதை அங்க ஸ்மோக் ரிங்னு சொல்வாங்க.

அது பிரிஸ்கெட். நம்ம ஆட்டுக்கறிக் கடையில மார்கண்டம்னு கேப்போம்ல, மாட்டுல அந்த நெஞ்சுப்பகுதி. மாடு எழுந்து நடமாட பாரம் தாங்குற இடம், அதனால நாரும் ஜவ்வும் ஜாஸ்தி, சும்மா நெருப்புல வாட்டினா செருப்புத் தோல் மாதிரி ஆயிடும். அதனால உப்பும் மிளகும் தடவி, போஸ்ட் ஓக்னு அந்தப் பக்கத்து மரத்து விறகு போட்டு, பெரும்பாலும் 12 மணி நேரம், சில கடையில அதுக்கும் மேல, நேரடி நெருப்பு படாம அனல்லயும் புகையிலயும் வச்சிருப்பாங்க. இறக்கும்போது கறியோட உள்சூடே 90 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். ஜவ்வெல்லாம் உருகி ஜெலட்டினா மாறியிருக்கும், நம்ம ஆட்டுக்கால் பாயா ஆறினா கெட்டியா உறையுமே, அதே பொருள்தான். வெளிய இருக்கிற கருப்பு தீய்ஞ்சது இல்லம்மா, மிளகும் கொழுப்பும் புகையும் சேர்ந்து கட்டின தோல். அதை ஒதுக்கிடாதீங்க, என்னைக் கேட்டா அந்தத் துண்டுக்காகத்தான் அவ்வளவு தூரம் போறதே.

நான் அஞ்சு வருஷம் ஆஸ்டின்ல இருந்தவன், முதல் தடவை போனப்ப எனக்கும் ஏமாற்றம்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போனேன், கொழுப்பு ஆகாதுன்னு லீன் கேட்டேன், வெட்டி ரொம்ப நேரம் வச்சிருந்த துண்டைப் போட்டாங்க, வறவறன்னு தொண்டையில நின்னுச்சு. கடை பேரு வேண்டாம். அப்புறம் கூட வேலை பாத்த ஒருத்தர் ஒரு சனிக்கிழமை காலைல 11 மணிக்கு கூட்டிட்டுப் போய், மாய்ஸ்ட்னு, அதாவது கொழுப்பு இருக்கிற பக்கமா கேளு, உன் கண் முன்னாடி வெட்டச் சொல்லுன்னாரு. வெட்டுறவரு முழுக் கறியை கையால லேசா அமுக்கினாரு, இட்லி மாதிரி அமுங்கி எழும்புச்சு, பென்சில் கனத்துக்கு ஒரு துண்டு அறுத்து விரல் மேல தொங்கவிட்டாரு, ரெண்டு பக்கமும் வளைஞ்சு தொங்குது ஆனா அறுந்து விழல. லேசா இழுத்தாதான் பிரியுது. அதுதான் பதம்மா. தானா பொலபொலன்னு உதிர்ந்தா அளவுக்கு மீறி வெந்துடுச்சுன்னு அர்த்தம். கீழ விரிச்ச பிரவுன் பேப்பர்ல கொழுப்பு ஊறி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, நான் அந்தப் பேப்பரையே பாத்துட்டு நின்னேன்.

பையன் உங்களை லாக்ஹார்ட்டுக்கு கூட்டிட்டுப் போனது சும்மா இல்ல. 1999ல டெக்சாஸ் சட்டசபையே அந்த ஊரை டெக்சாஸோட பார்பிக்யூ தலைநகர்னு தீர்மானம் போட்டுச்சு. அங்க ஜெர்மன், செக் நாட்டு ஆளுங்க வச்ச கறிக்கடைகள்ல விக்காம மிஞ்சின கறியை புகை போட்டு வித்ததுலேர்ந்து வளர்ந்த வழக்கம் இது, அதான் இன்னைக்கும் எடை போட்டு பேப்பர்ல மடிச்சுத் தர்றாங்க. கிரூஸ் மார்க்கெட் 1900ல ஆரம்பிச்சது, ரொம்ப காலம் சாஸும் கிடையாது ஃபோர்க்கும் கிடையாதுன்னே நடத்தினாங்க. 1999ல குடும்பத்துல பாகம் பிரிஞ்சு கடை புது இடத்துக்குப் போனப்ப, பழைய அடுப்புலேர்ந்து நெருப்புக் கங்குகளை ஒரு தொட்டியில போட்டு தெரு வழியா இழுத்துட்டுப் போய்தான் புது அடுப்பைப் பத்த வச்சாங்க. பழைய கட்டடத்துல இப்ப ஸ்மிட்டீஸ்னு கடை இருக்கு, வரிசையில நிக்கும்போது பக்கத்துல தரையிலயே விறகு எரியும், புடவை முந்தானையை மட்டும் இழுத்துச் சொருகிக்கோங்கம்மா.

அளவு ஒண்ணு சொல்லிடுறேன். ஆளுக்கு கால் பவுண்டு பிரிஸ்கெட், அதாவது 110 கிராம் சுமார், கூட ஒரு சாசேஜ், போதும், வேணும்னா திரும்பப் போய் வாங்கிக்கலாம். பீஃப் ரிப் ஆசையா இருந்தா ஒரு எலும்பு மட்டும் வாங்கி எல்லாரும் பிச்சுக்கோங்க, அந்த ஒண்ணே ஒரு பவுண்டுக்கு மேல நிக்கும். முதல் வாய் சாஸ் தொடாம சாப்பிடுங்க. அப்புறம் அந்த வெங்காயத்தையும் ஊறுகாய் வெள்ளரியையும் கடிங்க, கொழுப்பு திகட்டாம இருக்கத்தான் அது, போன தடவை அதை மட்டும் சாப்பிட்டு வந்தீங்களே, இந்தத் தடவை ரெண்டும் சேரட்டும்.

கேள்வி: நான் சைவம். டாலஸ்ல எங்க ஆஃபீஸ் டீம் லஞ்ச் பார்பிக்யூ கடையிலயாம். போகலாமா, எனக்கு அங்க என்ன கிடைக்கும்?
— வாசகர், கோவை

பதில்: போங்க சார், ஆனா பசியோட போகாதீங்க. பீன்ஸ்னு போட்டிருக்கும், பாக்க நம்ம ராஜ்மா மாதிரி இருக்கும், அதுலதான் பெரும்பாலும் பேக்கனோ (பன்றிக்கறி) பிரிஸ்கெட் துண்டோ கிடக்கும். கிரீன் பீன்ஸ்லயும் அப்படித்தான். பொட்டேட்டோ சாலட்ல முட்டை இருக்கும், கோல்ஸ்லாங்கிற முட்டைக்கோஸ் சாலட்ல மயோனைஸ் இருக்கும், அதுலயும் பெரும்பாலும் முட்டைதான், முட்டை ஓகேன்னா ரெண்டும் சாப்பிடலாம். மேக் அண்ட் சீஸ், அதாவது சீஸ் போட்ட மக்ரோனி இருந்தா அதுதான் வயித்துக்கு. சோள ரொட்டியில சில இடத்துல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க. கூச்சப்படாம கவுன்ட்டர்ல ஒவ்வொண்ணுக்கும் கறி கலந்திருக்கான்னு கேளுங்க, அங்க இருக்கவங்க இந்தக் கேள்வி கேட்டுப் பழகினவங்க, எரிச்சல்படாம சொல்லுவாங்க.